மூளைச்சலவை: ஒரு சொல்லை எங்கே போடுகிறோம்

என் பெரியம்மா ஒரு நாள் போனில் அழுதார். "என் பையனை மூளைச்சலவை பண்ணிட்டாடா அவ" என்றார். பையன் என்றால் முப்பத்தொரு வயது ஆள். தான் விரும்பிய பெண்ணைத் திருமணம் செய்துகொள்வதாக வீட்டில் சொல்லியிருந்தான். அன்று இரவே அவனிடம் பேசினேன். நன்றாகத் தூங்குகிறான், வேலைக்குப் போகிறான், நண்பர்களோடு வெளியே போகிறான், என்னோடு ஒரு மணி நேரம் வாதாடினான், நடுவில் சிரிக்கவும் செய்தான். அவன் எடுத்த முடிவு பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

அதே வருடம், அதே குடும்பத்தில், எனக்கு அக்கா முறையாகும் ஒருத்தி. கல்யாணமாகி நான்கு வருடம். போன் செய்தால் கணவர்தான் எடுப்பார், எடுத்து ஸ்பீக்கரில் போடுவார். அவள் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் "அவருக்குத்தான் தெரியும்" என்று முடியும். சின்ன வயதில் எங்கள் எல்லோருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், "எனக்கு ஒண்ணும் புரியாதுப்பா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவளைப் பற்றி எங்களில் ஒருவர்கூட மூளைச்சலவை என்ற சொல்லை எடுக்கவில்லை. "ரொம்ப அடக்கமா மாறிட்டா, நல்லா இருக்கட்டும்" என்றுதான் பேசிக்கொண்டோம். நானும் அப்படித்தான் பேசினேன்.

சொல் வேண்டாத இடத்தில் விழுந்தது, வேண்டிய இடத்தில் விழவில்லை. ஏன் அப்படி என்று யோசித்தபோதுதான் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, முதலில் எதைச் சொல்ல வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

மூளைச்சலவை என்பது தமிழில் பிறந்த கற்பனை அல்ல. சீன மொழியில் 'ஷி நாவ்' என்று ஒரு சொல். ஷி என்றால் கழுவு, நாவ் என்றால் மூளை. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர் எட்வர்ட் ஹன்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பில் வேலை பார்த்தவர். 1950 செப்டம்பரில் மயாமி நகர நாளிதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல் வந்தது. அடுத்த ஆண்டே அதைத் தலைப்பில் வைத்து ஒரு புத்தகமும் எழுதினார். அப்போது சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆட்சியாளர்கள் தாங்கள் செய்ததற்கு வைத்த பெயர் வேறு: சிந்தனைச் சீர்திருத்தம். பழைய சமுதாயத்தின் அழுக்கைப் போக்கி ஆளைப் புதிதாக்குகிறோம் என்பது அவர்கள் கணக்கு. மனத்தைக் கழுவி முகத்தை மாற்றிக்கொள்வது என்று, திருந்தி வாழ்வதைக் குறிக்கும் பழைய தொடர் ஒன்று சீனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதாவது கழுவுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நல்ல காரியம்.

தமிழிலும் சலவை நல்ல சொல்தான். சலவைச் சட்டை என்றால் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை கண்முன் வருகிறது. சலவைக்கல் என்றால் பளிங்கு. வீட்டில் எல்லோருக்கும் பிடித்த இந்தச் சொல்லின் முன்னால் மூளை என்று ஒன்றைச் சேர்த்ததும் உடம்பு கூசுகிறது. மொழிபெயர்ப்பாகத்தான் வந்தது என்றாலும், 'மூளைக் கழுவல்' என்று வைக்காமல் சலவை என்று வைத்தவருக்குக் காது இருந்திருக்கிறது. கை கழுவினால் ஒரு நிமிடம். சலவை என்றால் ஊற வைக்க வேண்டும், அடிக்க வேண்டும், பிழிய வேண்டும், காயப்போட வேண்டும். நாள் பிடிக்கும் வேலை அது. சொல்லுக்குள்ளேயே அந்த நாள்கணக்கு இருக்கிறது. நாம்தான் அதைக் கவனிக்காமல், ஒரே நாளில் நடந்த எதற்கும் அதைப் பயன்படுத்துகிறோம்.

இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் கொரியப் போர். 1950இல் தொடங்கி 1953இல் நின்ற அந்தப் போரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் பிடிபட்டார்கள். ஃபிராங்க் ஷ்வேபிள் என்ற கர்னல் உட்படச் சில விமானிகள், நாங்கள் கிருமிக் குண்டு போட்டோம் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். போர் முடிந்து கைதிகளைத் திருப்பி அனுப்பும்போது 21 அமெரிக்க வீரர்கள் நாங்கள் ஊருக்கு வரமாட்டோம், சீனாவிலேயே இருக்கிறோம் என்றார்கள். அமெரிக்கா ஆடிப்போனது. நம் பையன்களுக்கு என்ன செய்தார்கள், மருந்தா, மந்திரமா, ஏதாவது இயந்திரமா? மூளைச்சலவை என்ற ஒற்றைச் சொல் எல்லாக் கேள்விக்கும் பதிலாக நின்றது. வாக்குமூலம் கொடுத்தவர்கள் ஊர் திரும்பியதும் அதை மறுத்தார்கள். அந்த 21 பேரிலும் பெரும்பாலானவர்கள் பிற்பாடு சீனாவை விட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் பயம் மட்டும் திரும்பிப் போகவில்லை.

அந்தப் பயத்திலிருந்து இரண்டு வழி பிரிந்தது. ஒன்று, மனத்தை வளைக்கும் மருந்தைத் தேடிப்போன வழி. 1953 ஏப்ரலில் அமெரிக்க உளவுத் துறையான சிஐஏவின் தலைவர் ஆலன் டல்லஸ் ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார். எம்கே அல்ட்ரா என்று பெயர். சிட்னி காட்லீப் என்ற வேதியியலாளர் அதை நடத்தினார். எல்எஸ்டி போதை மருந்தைத் தெரிந்தும் தெரியாமலும் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்னாடிசம் செய்து பார்த்தார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் டொனால்ட் இவன் கேமரன் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு, பதற்றம் என்று சிகிச்சைக்கு வந்தவர்களை மருந்தால் நாள்கணக்கில் தூங்க வைத்தார். மின் அதிர்ச்சி கொடுத்தார். ஒலிநாடாவில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டார். பழைய மனத்தைத் துடைத்துவிட்டால் புதிதாக எழுதலாம் என்பது அவர் எண்ணம். துடைப்பது நடந்தது. சிலர் தங்கள் பிள்ளைகளின் முகத்தையே மறந்துபோனார்கள். எழுதுவது மட்டும் நடக்கவே இல்லை. 1973இல் எம்கே அல்ட்ரா கோப்புகளை அழிக்க உத்தரவானது. 1975இலும் 1977இலும் நடந்த நாடாளுமன்ற விசாரணைகளில்தான் வெளியுலகத்துக்கு விஷயம் தெரிந்தது. 1992இல் கனடா அரசு, கேமரனிடம் சிகிச்சை பெற்ற 77 பேருக்குத் தலா ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. ஒரு வல்லரசு பணத்தையும் ஆளையும் மனித உயிர்களையும் கொட்டி, இருபது ஆண்டு தேடியும், ஒரு மனிதனைச் சொன்னபடி ஆடும் பொம்மையாக்கும் மருந்து கிடைக்கவில்லை.

இரண்டாவது வழி யாரும் அவ்வளவாகப் பேசாத வழி. திரும்பி வந்தவர்களோடு உட்கார்ந்து, உனக்கு அங்கே நாள்தோறும் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டவர்களின் வழி. ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் ஹாங்காங்கில் 40 பேரிடம் கேட்டார். 25 பேர் மேலை நாட்டவர், 15 பேர் சீனர். எட்கர் ஷைன் என்ற உளவியலாளர் திரும்பி வந்த படைவீரர்களிடம் கேட்டார். ஆல்பர்ட் பிடர்மன் என்ற சமூகவியலாளர் விமானப் படைக் கைதிகளிடம் கேட்டு 1957இல் எழுதினார். மூவர் கேட்டதிலும் மந்திரம் எதுவும் வரவில்லை. மர்மமான மருந்தோ கருவியோ வரவில்லை. வந்ததெல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரிந்த, சாதாரண, கேவலமான காரியங்கள்.

ஆளைத் தனியாக வை. பேச்சுத்துணை இல்லாமல் பண்ணு. அவன் கவனம் முழுக்க உன் மேலேயே இருக்கும்படி, மற்ற எல்லாவற்றையும் அவன் கண்ணிலிருந்து எடுத்துவிடு. தூங்கவிடாதே, மணிக்கணக்கில் நிற்க வை, பாதி வயிற்றுக்குச் சாப்பாடு போடு. அவ்வப்போது மிரட்டு, அவனை மட்டும் அல்லாமல் அவன் வீட்டாரையும் சொல்லி மிரட்டு. நடுநடுவே ஒரு சலுகை கொடு: ஒரு சிகரெட், ஒரு கடிதம், திடீரென்று ஒரு அன்பான பேச்சு. எனக்கு எல்லாம் தெரியும், எல்லாம் என் கையில்தான் என்று காட்டிக்கொண்டே இரு. அவமானப்படுத்து. கடைசியாக, அர்த்தமே இல்லாத சின்னச் சின்ன விதிகளைப் போட்டு அவற்றைக் கறாராகக் கடைப்பிடிக்க வை. பிடர்மன் தொகுத்த எட்டும் இவைதான்.

கைதி முகாமில் கட்டுரைப் போட்டி வைப்பார்கள். சொந்த நாட்டைத் திட்டு என்று சொல்லமாட்டார்கள். எங்கள் நாட்டிலும் சில குறைகள் உண்டு என்று நாலு வரி எழுதினால் போதும். யார்தான் மறுப்பார்கள், எந்த நாட்டில் குறை இல்லை? ஜெயித்தால் சில சிகரெட்டுகள் கிடைக்கும். அந்த நாலு வரி மறுநாள் எல்லோர் முன்னாலும் படிக்கப்படும். படித்த பிறகு, எழுதியவன் அதற்கு ஏற்றாற்போல் கொஞ்சம் நடந்துகொள்ள வேண்டியிருக்கும். அப்புறம் அடுத்த நாலு வரி. சுயசரிதை எழுதச் சொல்வார்கள். எழுதினால், இன்னும் நேர்மையாக எழுது என்று திருப்பிக் கொடுப்பார்கள். திரும்பத் திரும்பத் தன் வாழ்க்கையைக் குற்றப்பத்திரிகை மாதிரி எழுதிக்கொண்டே போகிறவனுக்கு, ஒரு கட்டத்தில் அது உண்மை போலவே தெரிய ஆரம்பிக்கும். வெளியிலிருந்து ஒருவர் வந்து மூளையைக் கழுவுவதில்லை. அவன் கையாலேயே துவைக்க வைக்கிறார்கள்.

ஒட்டுகிற கறையும் நிரந்தரமல்ல. லிஃப்டன் பார்த்தவர்களில் பெரும்பாலோர், அந்தச் சூழலை விட்டு வெளியே வந்து, பழைய மனிதர்களோடு பேசிப் பழக ஆரம்பித்ததும், திணிக்கப்பட்ட நம்பிக்கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதறிவிட்டார்கள். குற்ற உணர்வும் பயமும்தான் நெடுநாள் தங்கின.

ஏன் தனிமை முதலில் வருகிறது என்பதற்கு 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை நல்ல விளக்கம். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் அளவு என்று சொல்ல வேண்டும். குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் உள்ள மற்றவர்கள் எல்லோரும் ஆஷ் சொல்லிவைத்த ஆட்கள். ஒரே குரலில் தப்பான கோட்டைச் சொல்வார்கள். அப்போது உண்மையில் சோதிக்கப்படுகிறவர், கண்ணெதிரே தெரிவதை விட்டுவிட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார். இதுவரைதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்தது. அறையில் ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொன்னால் போதும், தப்பாகச் சொல்வது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒரே ஒரு ஆள் போதும். அதனால்தான் ஆட்டி வைக்க நினைக்கிறவர் முதலில் அந்த ஒரு ஆளை வெளியே தள்ளுகிறார்.

இப்போது நம் புழக்கத்துக்கு வருகிறேன். செய்தித்தாளில் இந்தச் சொல் வரும் வாக்கியங்களைப் பாருங்கள். மூளைச்சலவை செய்து இயக்கத்தில் சேர்த்தனர். மூளைச்சலவை செய்து மதம் மாற்றினர். மகளை மூளைச்சலவை செய்து அழைத்துச் சென்றுவிட்டதாகத் தந்தை புகார். மூளைச்சலவை செய்து முதலீடு செய்ய வைத்தனர். எல்லாமே படர்க்கை. 'அவனை', 'அவளை', 'அவர்களை'. தன்மையில் இந்தச் சொல் நிகழ்காலத்தில் வருவதே இல்லை. 'என்னை இப்போது மூளைச்சலவை செய்துகொண்டிருக்கிறார்கள்' என்று சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. 'ஏமாந்துட்டேன்', 'மயங்கிட்டேன்', 'பயந்துட்டேன்' என்று சொல்லலாம். மூளைச்சலவை என்று மட்டும் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், எல்லாம் முடிந்து வெளியே வந்த பிறகு, இறந்தகாலத்தில்தான் சொல்ல முடியும். இது சாதாரண விஷயமில்லை. ஒருவரைப் பற்றி அவர் ஒப்புக்கொள்ளவே முடியாத ஒன்றைச் சொல்கிறோம். 'இல்லை, நானாகத்தான் முடிவெடுத்தேன்' என்று அவர் மறுத்தால், பார்த்தாயா, அந்த அளவுக்குச் சலவை பண்ணியிருக்கிறார்கள் என்று அதையும் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். தப்பிக்க வழியே வைக்காத சொல் இது. ஒரு வயதுவந்த பெண் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லும்போது அவள் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பெரியம்மா அழுததைப் பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது. அவருடைய பாட்டி அதே இடத்தில் இருந்திருந்தால் "மருந்து வெச்சுட்டா" என்று சொல்லியிருப்பார். இல்லையென்றால் செய்வினை, சொக்குப்பொடி. வாக்கியம் அதேதான், நடுவில் உள்ள சொல் மட்டும் மாறியிருக்கிறது. மருந்து வைத்தது என்று சொன்னால் இப்போது படித்தவர்கள் சிரிப்பார்கள். மூளைச்சலவை என்றால் அறிவியல் மாதிரி கேட்கிறது, யாரும் சிரிக்கமாட்டார்கள். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: என் பிள்ளை என்னை விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுத்தான் என்ற வலியைத் தாங்க முடியாமல், தேர்ந்தெடுத்தது அவனே இல்லை என்று ஆக்கிவிடுவது. அந்த வலி உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வலிக்கு வைக்கும் பெயர்தான் தப்பு.

இந்த ஒரு சொல் வந்து உட்காரும் முன்பு தமிழில் இதற்கு எத்தனை படிகள் இருந்தன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 'கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்' என்கிறோம். 'ஆளைக் கரைச்சுட்டான்' என்றால் பேசிப் பேசி இணங்க வைத்தான் என்று பொருள். அதில் குற்றம் பெரிதாக இல்லை. கொஞ்சம் பாராட்டுகூட இருக்கிறது. 'காதுல ஓதிக்கிட்டே இருக்கான்' என்றால் கதை வேறு. திரும்பத் திரும்ப, மற்றவருக்குக் கேட்காமல், ஒருவருக்கு எதிராகச் சொல்வது அது. தலையணை மந்திரம் என்ற தொடரில் அந்த ஓதுதல் ராத்திரிக்கும் படுக்கையறைக்கும் போய்விடுகிறது. (அது எப்போதும் மனைவியின் தலையிலேயே விழுகிறது. கணவன் ஓதும் தலையணை மந்திரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இது எனக்கு நெடுநாளைய மனத்தாங்கல்.) இளைஞர்கள் 'மண்டையைக் கழுவுறான்' என்கிறார்கள். மூளைச்சலவைதான் வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருக்கிறது. ஆனால் எடை குறைந்துவிட்டது. கடன் கேட்டு நச்சரிப்பவனும் மண்டையைக் கழுவுகிறான், வேண்டாத பொருளை விற்க வருகிறவனும் மண்டையைக் கழுவுகிறான்.

'மந்திரிச்சு விட்ட கோழி மாதிரி' என்பது கழுவியவனை விட்டுவிட்டு ஆளைக் காட்டுகிறது. தலையைத் தொங்கப்போட்டு, கண் நிலைகுத்தி, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பும் அந்த நிலையை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. 'ஆட்டி வைக்கிறான்' என்பது இன்னும் கடுமை. ஆடுகிறவருக்கே தெரியும், ஆனாலும் நிறுத்த முடியாது. 'மிரட்டி வெச்சிருக்கான்', 'அடக்கி வெச்சிருக்கான்' என்பதில் 'வெச்சிருக்கான்' என்ற துணைவினையைக் கவனியுங்கள். ஒருமுறை செய்து முடித்த காரியம் அல்ல அது, நாள்தோறும் அந்த நிலையிலேயே வைத்துக் காத்துக்கொண்டிருக்கிற காரியம். பிடர்மன் பக்கம் பக்கமாக எழுதியதை நம் துணைவினை ஒன்று சொல்லிவிடுகிறது.

வசியம் என்ற சொல்லும் இந்த வரிசையில்தான் வரும். சித்தர் மரபில் அட்டகர்மம் என்று சொல்லப்படும் எட்டில் முதலாவதாக வைப்பது வசியம். அதன் வேரான 'வசம்' நம் வாயில் நாள்தோறும் புழங்குகிறது. என் வசம் இருக்கிறது, தன்வசம் இழந்தான், உணர்ச்சிவசப்பட்டான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பரவசம். பரம் என்றால் பிறர். பிறர் வசப்பட்டிருப்பதுதான் பரவசத்தின் மூலப் பொருள். அதை நாம் பேரானந்தம் என்ற பொருளில் வைத்துக்கொண்டிருக்கிறோம். தன்னை இழப்பதில் ஓர் இன்பம் உண்டு என்பதை நம் மொழி மறைக்கவில்லை. பாட்டிலும் பக்தியிலும் காதலிலும் நாம் தேடிப் போவது அதைத்தான். ஆகவே ஒருவர் ஒன்றில் உருகிக் கிடக்கிறார் என்பதை மட்டும் வைத்து அவரைச் சலவை செய்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பரவசத்திலிருந்து அவர் எழுந்து வீட்டுக்குப் போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வசியம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1784இல் பாரிசில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மெஸ்மரிசம் என்ற சொல்லுக்குப் பெயர் கொடுத்த ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர், உயிர்க்காந்தம் என்று ஒன்றால் நோய் தீர்ப்பதாகச் சொல்லி ஊரையே கூட்டிக்கொண்டிருந்தார். மன்னர் விசாரணைக்குழு போட்டார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலாளர் லவாய்சியர் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் காந்தம் ஏற்றினார்கள். ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாகக் கூட்டிப்போனார்கள். காந்தம் ஏற்றிய மரத்தை அவன் தொடவே இல்லை. வேறொரு மரத்தடியில் மயங்கி விழுந்தான். மரத்தில் ஒன்றும் இல்லை. இந்த மரங்களில் ஒன்றில் இருக்கிறது என்று அவன் நம்பியதில்தான் எல்லாம் இருந்தது.

சரி, அப்படியென்றால் உண்மையாகவே மூளைச்சலவை என்று எதைச் சொல்வது? ஒருவர் என்ன நம்புகிறார் என்பதை வைத்துச் சொல்லக் கூடாது என்பது என் முடிவு. விசித்திரமான நம்பிக்கை, நமக்குப் பிடிக்காத கட்சி, நமக்குப் பிடிக்காத துணை, இவையெல்லாம் சான்றே அல்ல. அவருக்கு என்ன செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். தூங்க முடிகிறதா? தனியாகப் போன் பேச முடிகிறதா? கையில் செலவுக்குக் காசு இருக்கிறதா? 'எனக்கு இதில் சந்தேகம்' என்று சொன்னால் என்ன ஆகும்? போகிறேன் என்று எழுந்தால் கதவு திறக்குமா? இந்தக் கேள்விகளை என் பெரியம்மா மகனுக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வரும். அக்காவுக்குப் போட்டிருந்தால் ஒன்றுக்குக்கூட வந்திருக்காது.

'டிஜிட்டல் கைது' என்று சொல்லிப் பணம் பறிக்கும் மோசடியை இந்தக் கேள்விகளோடு பாருங்கள். போலீஸ் உடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் வருகிறார். கேமராவை அணைக்காதே, அறையை விட்டு வெளியே போகாதே, வீட்டில் யாரிடமும் சொல்லாதே, சொன்னால் அவர்களும் மாட்டுவார்கள். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் அழைப்பு ஓடுகிறது. ஒருவர் கத்துகிறார். இன்னொருவர் வந்து, உங்களைப் பார்த்தால் நல்லவர் மாதிரி தெரிகிறது, நான் உதவுகிறேன் என்று தணிவாகப் பேசுகிறார். தனிமை, களைப்பு, மிரட்டல், சலுகை, எல்லாம் தெரிந்தது போன்ற நடிப்பு: 1957ஆம் ஆண்டின் பட்டியல் ஒரு செல்பேசிக்குள் வந்துவிட்டது. மெத்தப் படித்தவர்களும் இதில் மாட்டுகிறார்கள். 'படிச்சவங்க எப்படி ஏமாறுவாங்க' என்று கேட்பது, தூங்காத மனிதனின் படிப்பு எந்த மூலைக்கு என்று தெரியாத கேள்வி.

பிடர்மனின் பட்டியலுக்கும் ஒரு வினோதமான வாழ்க்கை அமைந்தது. சித்திரவதையைப் புரிந்துகொள்ள அம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு 1973இல் அதை எடுத்துக்கொண்டது. 2002இல் அமெரிக்காவின் குவான்டானாமோ சிறையில் விசாரணையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, இப்படியெல்லாம் செய்யலாம் என்ற பாடமாக அதே பட்டியல் பயன்பட்டது. எச்சரிக்கையாக எழுதியது செய்முறையாகிப் போனது. அதே பட்டியலைக் குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களோடு வேலை செய்கிறவர்களும் கையில் எடுத்தார்கள். முகாமில் நடந்தது வீட்டுக்குள்ளும் நடக்கிறது என்பது அந்தப் பட்டியலில் தெரிந்தது. இங்கிலாந்தில் 2015இல் வந்த சட்டம், அடிக்காமல் ஒரு துணையைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி ஒடுக்கினாலே அது குற்றம் என்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை.

அக்கா இப்போது தனியாக இருக்கிறாள். வெளியே வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்தக் கட்டுரைக்காக அந்த எட்டையும் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அவள் எடுத்துப் படித்தாள். எட்டாவதில், அற்ப விதிகள் என்று நான் எழுதியிருந்த இடத்தில், விரலை வைத்தாள். "துண்டை மூணா மடிக்கணும். நாலா மடிச்சா அன்னிக்கு முழுக்கப் பேசமாட்டார்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அடிச்சதே இல்லப்பா. அதனாலதான் எனக்கே தெரியல" என்றாள். அப்புறம் மேலே போய் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

உள்ளே இருப்பவரிடம் "உன்னை மூளைச்சலவை பண்ணிட்டாங்க" என்று சொல்வதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. உனக்கு அறிவில்லை என்று அது காதில் விழும். உன் வீட்டார் உன்னை மதிக்கவில்லை என்று அங்கே ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நாம் போய் அதை மெய்ப்பித்துவிட்டு வருவோம். வாதாடிப் புரிய வைப்பதும் பெரும்பாலும் நடக்காது. நடப்பது என்னவென்றால், அந்த ஒரு ஆளாக இருப்பது. தொடர்பை விடாமல், குறை சொல்லாமல், அவர் பழைய ஆளாக இருந்த நாள்களை நினைவில் வைத்திருக்கிற ஒரு ஆள்.

எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சித்தி. அவர் மட்டும் வாரம் தவறாமல் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டாலும் கவலைப்படாமல் வெயில், மழை, முட்டிவலி என்று பத்து நிமிடம் பேசிவிட்டு, "அடுத்த வாரம் கூப்பிடுறேன்டி" என்று வைத்திருக்கிறார். நான்கு வருடம். கணவர் அதில் ஆபத்து எதையும் பார்க்கவில்லை. போன் கையில் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கிப் பேச வேண்டிய நாள் வந்தபோது, அக்காவுக்கு மனப்பாடமாக இருந்தது சித்தியின் எண் ஒன்றுதான்.